வெளிநாட்டில் இருப்போர் ஊர்க் கடனில் செய்யும் தவறுகள்

காங்கேயம், தாராபுரம், பெருந்துறைப் பக்கத்திலிருந்து துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குச் செல்வோரில் பலர், ஆழ்துளைக் கிணற்றுக்கோ விசைத்தறிக்கோ தங்கையின் திருமணத்துக்கோ வாங்கிய கடனை ஊரில் வைத்துவிட்டே விமானம் ஏறுகிறார்கள். புரோநோட்டுக்கு ஆயுள் மூன்று வருடம்தான், அதுவரை ஊர்ப் பக்கம் தலைகாட்டாமல் இருந்தால் கடன் காலாவதியாகிவிடும் என்ற நம்பிக்கை இவர்களிடையே பரவலாக உண்டு. மூன்று வருடம் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கெடுவை விதிக்கும் 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தின் 15ஆம் பிரிவே, பிரதிவாதி, அதாவது கடன் வாங்கியவர், இந்தியாவுக்கு வெளியே இருந்த காலத்தை அந்தக் கணக்கிலிருந்து கழித்துவிடச் சொல்கிறது. நோட்டு எழுதிக் கொடுத்த மறுமாதமே வளைகுடாவுக்குப் போய் ஏழு ஆண்டுகள் கழித்துத் திரும்புகிறவர் மீது, திரும்பிய பிறகும் ஏறக்குறைய முழு மூன்று ஆண்டுகள் வழக்குத் தொடரலாம். ஒளிந்திருந்ததால் கிடைத்த பலன், ஏறி நிற்கும் வட்டி மட்டுமே.

ஒழுங்காகக் கட்டுகிறவர்களும் வேறு வகையில் தவறுகிறார்கள். மாதாமாதம் அப்பாவின் கணக்குக்குப் பணம் அனுப்புவார்கள். அவர் அதை ரொக்கமாக எடுத்துக் கடன் கொடுத்தவர் வீட்டுத் திண்ணையில் கொடுத்துவிட்டு வருவார். சொந்தபந்தத்திடம் ரசீது கேட்பதா என்ற கூச்சம் நம் பக்கத்தில் சற்று அதிகம். கடன் கொடுத்தவர் காலமான பின், அவருடைய மகனின் கையில் இருக்கும் நோட்டில் ஒரு ரூபாய்கூட வரவு வைக்கப்பட்டிருக்காது. அசல் அப்படியே நிற்கும். கொடுத்ததை மெய்ப்பிக்க வேண்டிய பொறுப்பு நம்முடையதாகிவிடும். பணத்தைக் கடன் கொடுத்தவரின் வங்கிக் கணக்குக்கே நேரடியாக அனுப்புவதும், ஒவ்வொரு வரவையும் நோட்டின் பின்புறம் எழுதச் செய்து அதைப் புகைப்படம் எடுத்து வைப்பதும், தீர்த்த அன்றே மூல நோட்டைத் திரும்ப வாங்குவதும் அவமரியாதை ஆகாது.

எந்தக் கடனை முதலில் அடைப்பது என்பதிலும் கணக்குப் பிசகுகிறது. இரண்டு ரூபாய் வட்டி என்று சொல்லும்போது சிறியதாகத் தெரியும். ஆண்டுக்கு அது 24 சதவீதம். ஐந்து லட்சத்துக்கு மாதம் 10,000 ரூபாய், மூன்று ஆண்டுகளில் 3,60,000 ரூபாய் வட்டியாகவே போய்விடும், அசல் குறையாமலேயே. இதைக் கிடப்பில் போட்டுவிட்டு ஊரில் மாடி வீடு எழுப்புவதைப் பெருமை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அடுத்தது, முகவரி. வங்கிக் கடனில் தவணை 90 நாள்களுக்கு மேல் நிலுவையானால் அது வாராக்கடன் ஆகிறது; அதன்பின், அடமானச் சொத்தை வங்கியே கைப்பற்ற வழிசெய்யும் 2002ஆம் ஆண்டு சர்ஃபாசி சட்டத்தின்கீழ் 60 நாள் அவகாசம் தரும் அறிவிப்பு ஊர் முகவரிக்கு வரும். விவசாய நிலத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்றாலும் அடமானம் வைத்த வீட்டுக்குப் பொருந்தும். நீதிமன்றத்துக்குப் போன கடன்களிலும், பூட்டிய வீட்டுக் கதவில் ஒட்டப்பட்ட அழைப்பாணையை யாரும் படிக்காமல் போவதால்தான் பல வழக்குகள் ஒருதலைப்பட்சத் தீர்ப்பில் முடிகின்றன. அத்தகைய பணத் தீர்ப்பை 12 ஆண்டுகள் வரை நிறைவேற்றக் கோரலாம். நம்பிக்கையின்பேரில் கையெழுத்திட்டு விட்டுச் சென்ற வெற்றுக் காசோலை இதைவிட ஆபத்தானது. அது பணமின்றித் திரும்பி, அறிவிப்பு கிடைத்த 15 நாள்களுக்குள் தொகையைச் செலுத்தாவிட்டால், இரண்டு ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்கு இடம் தரும் குற்ற வழக்காகிவிடும்.

ஜாமீன் கையெழுத்துப் போட்ட மாமனையும் மச்சானையும் மறந்துவிடுகிறோம். ஒப்பந்தச் சட்டப்படி ஜாமீன்தாரரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமம். நம்மை எட்ட முடியாத வங்கி நேரே அவரிடம் போகலாம். கல்விக் கடனில் கூட்டுக் கடனாளியான தந்தைக்கும் இதே நிலைதான்.

எல்லாம் கட்டி முடித்த பின் பத்திரத்தை வங்கியிலேயே விட்டுவைப்பவர்களும் உண்டு. முழுத் தொகையும் செலுத்திய 30 நாள்களுக்குள் மூலப் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும் என்றும், வங்கியின் காரணத்தால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு உண்டு என்றும் ரிசர்வ் வங்கி 2023 டிசம்பர் முதல் விதித்திருக்கிறது. பத்திரம் கைக்கு வந்தாலும், சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான அடமானம் நீக்கப்பட்டுவிட்டதா என்பதை வில்லங்கச் சான்றில் பார்த்துக்கொள்ள வேண்டும். தமிழ்நாடு பதிவுத்துறை இணையதளத்தில் அதைப் பார்க்கலாம்.