‘அவுட்ரேஜ்’: சீற்றத்துக்கு முன்னால் ஓர் அத்துமீறல்

‘அவுட்ரேஜ்’ என்ற ஆங்கிலச் சொல்லைக் கண்டதும் ‘அவுட்’, ‘ரேஜ்’ என்று இரண்டாகப் பிரித்து, வெளியே கொட்டும் கோபம் என்று பொருள் சொல்லிவிடுகிறோம். இது பகுதி எது, விகுதி எது என்று பாராமல் பிரிப்பதால் வரும் பிழை. ‘அப்பால்’ என்று பொருள்படும் ‘அல்ட்ரா’ என்ற லத்தீன் சொல் பழைய பிரெஞ்சு வழியாக உருமாறிப் பகுதியாக நிற்க, மேரேஜ், டேமேஜ் ஆகிய சொற்களின் இறுதியில் வரும் அதே ‘ஏஜ்’ விகுதி அதனோடு சேர்ந்து பிறந்த சொல் இது. ‘ரேஜ்’ என்பதன் மூலமோ ‘ரேபீஸ்’ என்ற லத்தீன் சொல். நாய்க்கடி நோயின் பெயரும் அதுவே. ஒலி ஒத்திருப்பதால் ஆங்கிலேயரே இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டார்கள் என்பதால் நம்மை மட்டும் குறை சொல்வதற்கில்லை.

சுமார் 1300 வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தபோது இச்சொல் அளவு கடந்த நடத்தையைக் குறித்தது. பின்னர் கொடுஞ்செயலையும், அதன் பிறகே அச்செயலைக் கண்டவர் மனத்தில் எழும் கொதிப்பையும் குறித்தது. ‘அத்து’ என்றால் எல்லை என்பதால், நம்முடைய ‘அத்துமீறல்’ இதன் வேர்ப்பொருளுக்கு வெகு அருகில் நிற்கிறது.

இந்த வரிசையை மறப்பதுதான் அடுத்த தவறு. பழைய செய்தித்தாளில் ‘பாம் அவுட்ரேஜ்’ என்றிருந்தால் அது வெடிகுண்டு அட்டூழியமே தவிர, வெடிகுண்டால் எழுந்த சீற்றம் அன்று. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 354ஆம் பிரிவிலும், அதன் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா 74ஆம் பிரிவிலும் பெண்ணின் ‘மாடஸ்டி’யை, அதாவது மானத்தை, ‘அவுட்ரேஜ்’ செய்தல் என்று வருவதற்கும் கோபமூட்டுதல் என்ற பொருள் இல்லை. ‘மானபங்கம்’ என்று தமிழில் வழங்குவதே பொருத்தம், ஏனெனில் பங்கம் என்பது குலைவு. அந்தப் பழைய தண்டனைச் சட்டத்தில் 1927இல் சேர்க்கப்பட்ட 295ஏ பிரிவில் மத உணர்வுகளோடு இதே வினை வரும்போது ‘புண்படுத்துதல்’ என்கிறோம். ஒரே சொல்லுக்கு ஒரே தமிழ்ச்சொல்லைப் பிடிவாதமாகப் போடுபவர் இவ்விடங்களில் வழுக்கி விழுவார்.

இதன் பெயரடையான ‘அவுட்ரேஜஸ்’ சேர்ந்து ‘அவுட்ரேஜஸ்’ விலை என்றால் அநியாய விலை, அவ்வளவுதான். பிரெஞ்சில் ‘ஊத்ராஜ்’ என்பது இன்றும் பெரும்பாலும் அவமதிப்பையே குறிக்கிறது.

‘இன்டிக்னேஷன்’ என்பதையும் இதையும் ஒன்றாக்கி, இரண்டுக்கும் ‘அறச்சீற்றம்’ என்று எழுதுவது பரவலான வழக்கம். முன்னதன் வேர் ‘டிக்னஸ்’, அதாவது தகுதியுடையது. ‘டிக்னிட்டி’யும் அந்த வேரிலிருந்தே வந்தது. ஆகவே ‘இது தகாது’ என்று உள்ளம் மறுப்பதே ‘இன்டிக்னேஷன்’. அது என்றும் மனத்தின் நிலையே, செயலாகாது. ‘அவுட்ரேஜ்’ இரண்டுமாகும் என்பதால், பக்கத்தில் நிற்கும் வினையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்: ‘கமிட்’ என்று வந்தால் அட்டூழியம் அல்லது அத்துமீறல், ‘எக்ஸ்பிரஸ்’ என்று வந்தால் சீற்றம்.