எஸ்.பி. ரோட்டில் செகண்ட் ஹேண்ட் லேப்டாப்: எதைப் பார்த்து வாங்குவது?

பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் கண்ணாடி அலமாரிக்குள் அடுக்கியிருக்கும் பழைய லேப்டாப்கள் பலவும் ஏதோ ஒரு ஆபீஸில் மூன்று நான்கு வருஷம் உழைத்துவிட்டு வந்தவை. நான் அதே ஊரில் ஒரு கம்பெனியில் டெஸ்க்டாப் சப்போர்ட் பார்க்கிறேன். லீஸ் முடிந்த மெஷின்களைக் கணக்கெடுத்து, டேட்டாவை அழித்து, பெட்டி கட்டி அனுப்புவது எங்கள் டீம்தான். எந்தக் கோலத்தில் அவை வெளியே போகின்றன என்பதைத் தினமும் பார்க்கிறேன். ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து சொந்தக்காரர்கள் "பையனுக்கு காலேஜ் ஆரம்பிக்குது, ஒரு லேப்டாப் பார்த்துக் குடுப்பா" என்று போன் செய்தால், மார்க்கெட்டுக்குக் கூடப் போவதும் நான்தான்.

கடைக்காரர் "ஐ7, பதினாறு ஜிபி, பீஸ் பக்கா" என்றுதான் ஆரம்பிப்பார். சொல்லட்டும். நான் முதலில் பார்ப்பது வேறு இரண்டு: அந்த மெஷினை ஆபீஸில் எப்படிப் புழங்கினார்கள், பழைய முதலாளியின் பூட்டு இன்னும் அதில் தொங்குகிறதா.

பூட்டு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். பெரிய கம்பெனிகள் ஒவ்வொரு மெஷினின் அடையாளத்தையும் மைக்ரோசாஃப்ட்டின் ஆட்டோபைலட்டில், அதாவது கம்பெனி மெஷின்களை இன்டர்நெட் வழியே அடையாளம் கண்டு செட்டப் செய்யும் சேவையில், பதிந்து வைத்திருக்கும். மெஷினை விற்கும்போது அந்தப் பதிவை எடுத்துவிட வேண்டும். ஆனால் நூற்றுக்கணக்கில் வெளியே போகும்போது ஒன்றிரண்டு விட்டுப்போவது சகஜம். அப்படிப்பட்ட மெஷின் கடையில் ஒழுங்காகவே ஓடும், இன்டர்நெட் இல்லாமல் விண்டோஸ் போட்டிருப்பார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் ஆறு மாதம் கழித்து ரீசெட் செய்து வைஃபையில் சேர்த்தால், முன்பின் தெரியாத ஒரு கம்பெனியின் பெயரைப் போட்டு ஆபீஸ் மெயில் ஐடி கேட்டுக்கொண்டு நிற்கும். அதனால் பணம் கொடுப்பதற்கு முன் கண்ணெதிரே ரீசெட் செய்யச் சொல்லி, உங்கள் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் சேர்த்துப் பாருங்கள். அரை மணி, சில சமயம் ஒரு மணி நேரம் கூட ஆகும். கடைக்காரர் முகம் சுளிப்பார். "ஆகட்டும் அண்ணா, நாங்க இங்கேயே வெயிட் பண்றோம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுங்கள். அதற்கும் ஒப்புக்கொள்ளாத கடையில் எனக்கு வேலையில்லை.

இன்னொரு பூட்டு பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்னால் ஓடும் அடிப்படை செட்டிங்ஸில் இருக்கும். மெஷினை ஆன் செய்ததும் லெனோவோவின் திங்க்பேட் என்றால் எஃப்1, டெல் என்றால் எஃப்2, எச்பி என்றால் எஃப்10 பட்டனைத் தட்டிக்கொண்டே இருங்கள். உள்ளே போய்விட்டோம் என்பதால் பாஸ்வேர்டு இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். திங்க்பேடில் பாஸ்வேர்டு இருந்தாலும் வெறும் என்டர் தட்டினால் பார்ப்பதற்கு மட்டும் உள்ளே விடும், எதையும் மாற்ற விடாது. செக்யூரிட்டி பக்கத்தில் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு 'டிசேபிள்டு' என்று இருக்க வேண்டும். இருக்கிற பாஸ்வேர்டு தெரியாவிட்டால் மதர்போர்டையே மாற்றுவதுதான் லெனோவோ சொல்லும் வழி. மதர்போர்டில் இருக்கும் சின்ன பேட்டரியைக் கழற்றி மாட்டினால் போய்விடும் என்று கவுன்டரில் சொல்வதெல்லாம் அந்தக் காலத்து டெஸ்க்டாப் கதை. அதே பக்கத்தில் அப்சலூட் அல்லது கம்ப்யூட்ரேஸ் என்று ஒன்று இருக்கும், திருட்டுப் போனால் கண்டுபிடிக்க கம்பெனிகள் வைப்பது. அது 'ஆக்டிவேட்டட்' என்று காட்டினால் மெஷினை மூடித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்து ஜெனரேஷன், அதாவது பிராசஸர் எத்தனையாவது தலைமுறை என்பது. போன மாதம் சித்தப்பா மகனோடு போயிருந்தபோது நடந்த பேச்சு இது.

"ஐ7 பாருங்க சார், பட்ஜெட்லயே வரும்."

"எந்த ஜெனரேஷன்?"

"ஆறாவது. ஆனா விண்டோஸ் 11 போட்டிருக்கோம், ஜம்முனு ஓடுது."

ஓடும், பொய்யில்லை. மைக்ரோசாஃப்ட்டின் கட்டுப்பாட்டைச் சுற்றிக்கொண்டு போட்டிருப்பார்கள். விண்டோஸ் 10-க்கு இலவச சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு இன்டெலில் எட்டாவது ஜெனரேஷனும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும், அதற்குக் கீழே அப்டேட் வரும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. ஐ7 என்ற பெயரில் மயங்கவும் வேண்டாம். ஏழாவது ஜெனரேஷன் ஐ7-7500யூ-வில் இரண்டு கோர்தான், எட்டாவதில் வந்த ஐ5-8250யூ-வில் நான்கு. கோடு போட்டதற்கு அடுத்த முதல் எண்தான் ஜெனரேஷன். பத்தாவதிலிருந்து முதல் இரண்டு எண்கள், ஐ5-1135ஜி7 என்றால் பதினொன்று.

கீபோர்டுக்குக் கீழே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை நம்பாதீர்கள், அது தனியாகவே கிடைக்கிறது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் பிராசஸர் பெயர், கோர் எண்ணிக்கை, ரேம் எத்தனை ஸ்லாட்டில் இருக்கிறது, டிஸ்க் எஸ்எஸ்டியா என்று எல்லாம் தெரிந்துவிடும். "இப்போ 8 ஜிபி வாங்குங்க, அப்புறம் ஏத்திக்கலாம்" என்ற யோசனை முன்பு சரி. 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிக்கிடப்பதால், 16 ஜிபியோடு வருவதையே பேரம் பேசி வாங்குவது லாபம். திங்க்பேடில் எக்ஸ்1 கார்பன் மாதிரி மெல்லிய மாடல்களில் ரேம் போர்டோடு சால்டர் செய்தது, பிறகு ஏற்றவே முடியாது. டி480-யில் இரண்டு ஸ்லாட் உண்டு.

இனி உடம்பு. ஆபீஸ் லேப்டாப்பின் பெரிய நோய் பேட்டரி. எங்கள் ஃப்ளோரிலேயே பாருங்கள், மேஜையிலிருக்கும் டாக்கில் (மானிட்டரும் சார்ஜும் இணைக்கும் பெட்டி) செருகினால் செருகினதுதான், வருஷக்கணக்காக நூறு சதவீதத்திலேயே சூட்டில் கிடக்கும். அப்படிக் கிடந்த பேட்டரி உப்பும். கடையில் லேப்டாப்பை மூடி, கவுன்டர் கண்ணாடி மேல் வைத்து, நான்கு மூலையையும் ஒவ்வொன்றாக விரலால் அழுத்துங்கள். ஆடினால் சந்தேகம். பிறகு திறந்து டச்பேடின் மேல் விரலை ஓட்டுங்கள். நடுவில் லேசாகத் தூக்கியிருந்தாலோ, ஒரு பக்கம் மட்டும் கிளிக் ஆகாமல் கெட்டியாக நின்றாலோ, கீழே பேட்டரி உப்பிக்கொண்டிருக்கிறது. விலை எவ்வளவு குறைத்தாலும் அப்படியே வாங்காதீர்கள், அது தீப்பிடிக்கக்கூடிய சாமான்.

உப்பாத பேட்டரிக்கு எவ்வளவு உயிர் என்பதை விண்டோஸே சொல்லும். கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து, 'பவர்' என்பதோடு சி, எஃப், ஜி மூன்று எழுத்தையும் ஒட்டி, ஒரு இடம் விட்டு, சாய்கோடு போட்டு, 'பேட்டரிரிப்போர்ட்' என்று ஒரே சொல்லாக ஆங்கிலத்தில் அடியுங்கள். ரிப்போர்ட் எங்கே சேமிக்கப்பட்டது என்று அங்கேயே காட்டும், பிரௌசரில் திறந்து பார்க்கலாம். டிசைன் கெபாசிட்டி 50,000 என்றும் ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி 30,000 என்றும் இருந்தால், அறுபது சதவீதம்தான் மிச்சம். கரண்ட் போனால் சமாளிக்க அது போதும், நாள் முழுக்க கிளாஸில் உட்காரப் போதாது. புது பேட்டரிக்கான தொகையை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். இரண்டு எண்ணும் பிசகாமல் ஒன்றாகவே இருந்தால் சந்தோஷப்பட வேண்டாம், மலிவு பேட்டரி மாற்றியிருக்கிறார்களா என்று கேளுங்கள்.

டெல் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உருண்டை முனை சார்ஜரின் நடுவில் ஊசி மாதிரி ஒரு பின் இருக்கும். சார்ஜர் யாருடையது, எத்தனை வாட் என்று மெஷின் கேட்டுத் தெரிந்துகொள்வது அதன் வழியாகத்தான். பின் வளைந்திருந்தாலோ, டூப்ளிகேட் சார்ஜராக இருந்தாலோ, மெஷின் ஓடும் ஆனால் பேட்டரி ஏறாது, வேகமும் குறைந்துவிடும். ஆன் செய்யும்போது அடாப்டர் எது என்று தெரியவில்லை என ஒரு எச்சரிக்கை வரும். கடைக்காரர் சட்டென்று என்டர் தட்டி அதைத் தாண்டிவிடுவார், கண்ணை எடுக்காதீர்கள்.

மற்றதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். நோட்பேடைத் திறந்து ஒரு கீ விடாமல் அடித்துப் பாருங்கள். 3-க்கு மேலே பவுண்டு குறி இருந்தால் அது இங்கிலாந்து கீபோர்டு, என்டர் கீயும் வேறு வடிவத்தில் இருக்கும், பழக்கமில்லாத கைக்கு எரிச்சல். ஸ்கிரீன் 1366-க்கு 768 என்றால் தள்ளிவிடுங்கள், 1920-க்கு 1080 குறைந்தபட்சம். வெள்ளைப் பக்கத்தை முழுத்திரையில் வைத்துக் கறைகளைத் தேடுங்கள். எல்லா யூஎஸ்பி ஓட்டையிலும் பென்டிரைவ் செருகிப் பாருங்கள். செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தில் டிஜிட்டல் லைசன்ஸ் என்று வர வேண்டும். ஏதோ நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சர்வீஸ் என்று வந்தால் அது கள்ள விண்டோஸாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

பில் இல்லாமல் வாங்காதீர்கள். "பில் வேணாம்னா விலை குறைப்போம்" என்பார்கள். ஜிஎஸ்டி பில்லில் சீரியல் நம்பரை எழுதச் சொல்லி, அடியில் ஒட்டியிருப்பதோடும் பயாஸில் காட்டுவதோடும் ஒப்பிடுங்கள். மூன்றும் ஒன்றாக இருந்தால்தான் நாளைக்கு இது திருட்டு மெஷின் என்று யாராவது வந்தால் உங்களுக்குப் பேச வாய் இருக்கும். 'டெஸ்டிங் வாரண்டி' என்றால் எத்தனை நாள், பேட்டரியும் சார்ஜரும் அதில் சேருமா என்பதையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

போவதற்கு வார நாள் காலை பதினொரு மணி வாக்கில் நல்லது, ஞாயிற்றுக்கிழமை பல கடைகள் திறக்காது. வண்டி எடுத்துப் போனால் நிறுத்த இடம் தேடியே பொழுது போய்விடும், கே.ஆர். மார்க்கெட் மெட்ரோவில் இறங்கி நடந்துவிடுங்கள். முதல் கடையிலேயே வாங்காமல், ஒரே மாடலை மூன்று கடையில் கேளுங்கள். பக்கத்துக் கடை விலையைச் சொன்னாலே ஆயிரம் ரூபாய் இறங்கும்.

வீட்டுக்கு வந்ததும் சார்ஜரில் போட்டபடியே பயாஸ் அப்டேட்டை முடித்து, லெனோவோ என்றால் வான்டேஜ் ஆப்பிலோ, டெல் என்றால் பயாஸிலோ சார்ஜை எண்பது சதவீதத்தில் நிறுத்தும்படி வைத்துவிடுங்கள். அப்புறம் வாரண்டி நாள் முடிவதற்குள் தினமும் நாலைந்து மணி நேரம் வீடியோ ஓட விட்டுச் சூடேற்றிப் பாருங்கள், ஃபேன் சத்தம் போட்டாலோ தானே அணைந்தாலோ பில்லை எடுத்துக்கொண்டு அன்றைக்கே கடைக்குப் போங்கள்.