கீமோ எடுப்பவரின் போனில் நடைச் செயலி: செட் செய்யும் முறை

போனைத் தொடுவதற்கு முன் புற்றுநோய் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்: "நடக்கலாமா, எதைத் தவிர்க்கணும்?" எலும்புக்குப் பரவியவர்கள், பிளேட்லெட் குறைந்தவர்கள், ரத்தசோகை அதிகம் உள்ளவர்கள் என்று ஆளுக்கு ஆள் பதில் மாறும். அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி என்ற அமைப்பு கூட்டிய நிபுணர் குழு, 2019-ல் வெளியிட்ட பரிந்துரையில், வாரம் மூன்று நாள், நாளுக்கு 30 நிமிடம் மிதமான நடை போன்ற பயிற்சி செய்தால் சிகிச்சைக் களைப்பு குறையும் என்று சொல்லியிருக்கிறது. அதைப் போய்ச் சேரும் இடமாக வைத்துக்கொள்ளுங்கள், முதல் வாரத்திலேயே எட்ட வேண்டியதில்லை.

படி 1. செயலி. அம்மாவின் ஆண்ட்ராய்டு போனில் நான் போட்டது கூகுள் ஃபிட். விளம்பரம் கிடையாது, திரையில் பெரிதாக எண் தெரியும், அது போதும். எடைக் குறைப்புச் செயலிகள் பக்கமே போகாதீர்கள். கீமோவில் எடை இறங்குகிறதே என்று வீடே கவலைப்படும்போது, "இத்தனை கலோரி எரித்தீர்கள், சபாஷ்" என்று ஒரு செயலி பாராட்டினால் எரிச்சல்தான் வரும்.

படி 2. அனுமதி. பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான், நானும் இதில்தான் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். செட்டிங்ஸ், ஆப்ஸ், ஃபிட், பர்மிஷன்ஸ் போய் 'ஃபிசிக்கல் ஆக்டிவிட்டி'க்கு அனுமதி கொடுங்கள். அதோடு முடியவில்லை. பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று போன் பின்னணியில் செயலியை நிறுத்திவிடும், அம்மா மொட்டை மாடியில் பத்து சுற்று நடந்து வந்து பார்த்தால் 40 அடி (ஸ்டெப்ஸ்) என்று காட்டும், "நான் நடக்கவே இல்லையாமே" என்று முகம் சுருங்கிவிடும். அதே பக்கத்தில் பேட்டரி என்று இருக்கும், அதை 'அன்ரெஸ்ட்ரிக்டட்' ஆக்குங்கள் (சில போன்களில் 'நோ ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்'). 'ஆட்டோஸ்டார்ட்' என்று ஒன்று இருந்தால் அதையும் ஆன் செய்யுங்கள். பயன்படுத்தாத செயலிகளின் அனுமதியைத் தானாக நீக்கும் ஒரு பட்டனும் அங்கேயே இருக்கும், அதை அணைத்துவிடுங்கள். ஆஸ்பத்திரி வாசத்தில் சில மாதம் செயலியைத் திறக்காமல் போவது சகஜம்.

அப்புறம் சோதனை. போனைக் கையில் கொடுத்து, வாய்விட்டு எண்ணிக்கொண்டே 100 அடி நடக்கச் சொல்லுங்கள். செயலியும் கிட்டத்தட்ட அதையே காட்டினால் சரி. மிக மெதுவாக, காலைத் தேய்த்து நடந்தால் சென்சார் பாதியை விட்டுவிடும், அப்படிப்பட்டவர்களுக்கு அடிக்கணக்கு வேண்டாம், + பட்டனை அழுத்தி நடந்த நிமிடங்களைக் கையால் பதிந்துகொள்ளுங்கள்.

படி 3. போன் உடம்போடு இருக்க வேண்டும். புடவையில் ஏது பாக்கெட்? இடுப்பில் சொருகிய சுருக்குப்பைதான் எங்களுக்குக் கைகொடுத்தது. போனுக்குப் பதில் மணிக்கட்டில் ஃபிட்னஸ் பேண்ட் (அடி எண்ணும் பட்டை) கட்டுவதாக இருந்தால், மார்பக அறுவை சிகிச்சையில் அக்குள் நிணநீர்க் கணுக்களை எடுத்த பக்கத்துக் கையில் இறுக்கமாகக் கட்டக் கூடாது, மற்ற கையில் கட்டுங்கள்.

படி 4. இலக்கு. 10,000 அடி என்பது 1965 வாக்கில் ஜப்பானில் ஒரு அடி எண்ணும் கருவியை விற்கப் பிடித்த எண், மருத்துவர் எழுதிக் கொடுத்ததல்ல. முதல் வாரம் இலக்கே இல்லாமல் வெறுமனே எண்ண விடுங்கள். வருகிற சராசரியோடு சில நூறு அடி கூட்டி ப்ரொஃபைல் பக்கத்தில் போடுங்கள். கீமோ ஏறிய வாரத்துக்குத் தனி இலக்கு வேண்டும், அந்த நாட்களில் வீட்டுக்குள் ஹாலுக்கும் அடுக்களைக்கும் நடந்தாலே பெரிது. வேகத்துக்கு அளவுகோல்: பேச முடியணும், பாட்டுப் பாட முடியக்கூடாது. காய்ச்சல் 100.4 டிகிரி தொட்டால் அன்று நடையெல்லாம் கிடையாது, உடனே ஆஸ்பத்திரிக்கு போன்.

நினைவூட்டல் சத்தங்களை அணைத்துவிடுங்கள். குமட்டிக்கொண்டு படுத்திருப்பவரிடம் போன் "எழுந்து நட" என்று அதட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. சாயங்காலம் வீட்டில் யாராவது "வாங்க, தெருமுனை வரைக்கும் போயிட்டு வரலாம்" என்று கூப்பிட்டாலே வேலை நடக்கும்.

பின்சேர்க்கை: பாக்லிடாக்சல் என்ற கீமோ மருந்து ஏற்றியதில் பாதம் மரத்துப்போனவருக்கு என்ன செய்வது என்று ஒருவர் கேட்டிருந்தார். தனியாக வெளியே நடக்க விடாதீர்கள், விழுந்துவிட வாய்ப்பு அதிகம். பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும் நாற்காலிப் பயிற்சியைச் செய்து நிமிடமாகப் பதியலாம். ஐபோன்காரர்களுக்கு: தனிச் செயலி தேவையில்லை, 'ஹெல்த்'தே எண்ணும். எண்ணாவிட்டால் செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதற்குள் 'மோஷன் அண்ட் ஃபிட்னஸ்' ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள்.