ஜாஸ் இசைத்தட்டு வாங்குகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

'கட்டாயம் வைத்திருக்க வேண்டிய ஜாஸ் ஆல்பங்கள்' என்று வரும் பட்டியல்களை அப்படியே பின்பற்றுவதுதான் முதல் தவறு. நீண்ட நேரம் ஓடும் எல்பி தட்டு 1948இல்தான் கடைக்கு வந்தது. அதற்கு முன் பெரும்பாலும் பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம் ஓடும், நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் '78' தட்டுகள். 'ஆல்பம்' என்று தேடினால் 1950களில்தான் போய் நிற்போம். 1925 முதல் 1928 வரை டிரம்பெட் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் ஹாட் ஃபைவ், ஹாட் செவன் குழுக்களுடன் பதிவு செய்தவை, சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கரின் 1940களின் பதிவுகள் எல்லாம் விடுபட்டுவிடும். இவற்றைத் தொகுப்பாகத்தான் வாங்க வேண்டும். பார்க்கருக்கு 'முழுத் தொகுப்பு' வேண்டாம். ஒரே பாட்டை மீண்டும் மீண்டும் வாசித்துப் பதிந்த நான்கைந்து டேக்குகள் அடுத்தடுத்து வந்து சலிப்பூட்டும். அன்று வெளியான டேக்குகள் மட்டும் உள்ள தொகுப்பே முதலில் போதும்.

பழைய தொகுப்புகளில் ஒரு பொறி உண்டு. 1960களில் மோனோ (ஒற்றைத் தட) பதிவுகளைப் போலி ஸ்டீரியோவாக்கி (இரு தடமாக்கி) விற்றார்கள்: கனத்த ஒலி ஒரு பக்கம், கீச்சொலி மறுபக்கம், மேலே கொஞ்சம் எதிரொலி. உறையில் 'எலக்ட்ரானிக்கலி ரீசானல்டு ஃபார் ஸ்டீரியோ' என்று இருந்தால், எவ்வளவு மலிவானாலும் கீழே வைத்துவிடுங்கள். ஆம்ஸ்ட்ராங்கின் டிரம்பெட் கிணற்றுக்குள்ளிருந்து கேட்கும்.

டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஆல்பம் இல்லாத சேகரிப்பு அரிது. ஆனால் எந்தப் பதிப்பு? 1959 மார்ச் 2 அன்று பதிவான முதல் பக்கத்தின் மூன்று பாட்டுகளுக்கும் டேப் கருவி சற்று மெதுவாக ஓடியது. அந்த டேப்பைச் சரியான வேகத்தில் ஓட்டினால் சுருதி கொஞ்சம் ஏறிக் கேட்கும். 1990களில்தான் சரியான வேகத்தில் பதிவான மாற்று டேப்பைக் கொண்டு இதைத் திருத்தினார்கள். தட்டோடு சேர்ந்து சாக்ஸபோனோ பியானோவோ வாசித்துப் பழக நினைப்பவர்கள் பழைய பதிப்பை வாங்கினால் முதல் பக்கம் முழுக்கச் சுருதி சேராது. ஏப்ரல் 22இல் பதிவான இரண்டாம் பக்கத்தில் இந்தச் சிக்கல் இல்லை.

ப்ளூ நோட் என்ற ஜாஸ் நிறுவனத்தின் தட்டுகளில் மோனோதான் உயர்ந்தது என்று நம்பி அதிக விலை கொடுப்பவர்கள் பலர். 1958 கடைசிக்குப் பிறகு அதன் ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டர் இரண்டு தட டேப்பில்தான் பதிவு செய்தார். மோனோ என்பது பெரும்பாலும் அந்த இரண்டையும் கலந்தது. ஆகவே 1960களின் ஆல்பங்களுக்கு மோனோ என்ற பெயருக்காக மட்டும் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை. அதைவிட, தட்டின் நடுவே பாட்டு முடியும் வெற்றிடத்தைச் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். 'ஆர்விஜி' அல்லது 'வான் கெல்டர்' என்ற முத்திரை இருந்தால் அச்சுக்கான மூலத்தட்டை வெட்டியவர் அவரே.

புதுத் தட்டிலும் கவனம் தேவை. 1962 வரை வெளியான ஒலிப்பதிவுகளுக்கு ஐரோப்பாவில் உரிமைக்காலம் முடிந்துவிட்டது. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். அவற்றில் பல சிடியிலிருந்து எடுத்தவை. எந்த டேப்பிலிருந்து, யார் மாஸ்டரிங் (அச்சுக்கு முன் ஒலியை இறுதியாகச் சீராக்குவது) செய்தார் என்ற விவரமே உறையில் இல்லாவிட்டால் சந்தேகப்படுங்கள். '180 கிராம்' என்பது தட்டின் எடை மட்டுமே, ஒலியின் தரம் அல்ல. நம்பி வாங்க ஒன்று சொல்வதென்றால், 2019இல் தொடங்கிய ப்ளூ நோட்டின் 'டோன் போயட்' வரிசை: மூல அனலாக் டேப்பிலிருந்து ஒலிப் பொறியாளர் கெவின் கிரே வெட்டுவது.

பழைய தட்டின் தரக்குறியீட்டிலும் ஏமாறுவோம். 'விஜி' என்பதன் விரிவு 'மிக நன்று'. நடைமுறையில் கீறலும் சரசரப்பும் நிச்சயம். ஆர்ட் பிளேக்கியின் டிரம்ஸ் அதிரும் தட்டில் அது பொறுக்கும். பியானோ கலைஞர் பில் எவன்ஸின் 'வால்ட்ஸ் ஃபார் டெபி' ஆல்பத்தில் பொறுக்காது. பியானோவும் ஸ்காட் லஃபாரோவின் பாஸும் மெல்ல ஓயும் இடத்தில் ஒவ்வொரு 'டிக்'கும் காதில் விழும். இதற்கு 'நியர் மின்ட்' (ஏறக்குறையப் புதியது) அல்லது புது மறுபதிப்பே சரி. ஆனால் அதில் கேட்கும் கண்ணாடிக் குவளைச் சத்தத்தைத் தட்டின் குறை என்று திருப்பித் தந்துவிடாதீர்கள். 1961 ஜூன் 25 அன்று நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்ட் கிளப்பில் இருந்தவர்களின் குவளைகள் அவை.