“நல்ல புத்தகம், வாசி” என்பதில் உள்ள வில்லங்கம்

ஞாயிற்றுக்கிழமை விடியப்புறம் யாழ்ப்பாணத்தில் பொன்னாலைப் பாலத்தடிக்குச் சைக்கிளில் போவோம். காரைநகருக்குப் போகும் அந்த வீதியின் இரு பக்கமும் ஆழமில்லாத தண்ணீர். மாரிக்காலத்தில் வலசை வந்த பறவைகள் அங்கே கூட்டமாக மேயும். பார்த்து முடித்துத் திரும்பும் வழியில், தேத்தண்ணிக் கடையில் இருக்கும்போதுதான் எங்கள் ஆட்களின் புத்தகக் கதை தொடங்கும். ஒருவர் ஒரு பெயர் சொல்வார், அடுத்தவர் மூன்று சொல்வார். புதிதாக வந்த பெடியன் எல்லாவற்றையும் கைபேசியில் குறித்துக்கொள்வான். பிழைகளும் அந்த மேசையில்தான் பிறக்கின்றன.

என்னுடைய பிழையையே முதலில் சொல்கிறேன். எங்களோடு புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன், “அண்ணை, வெளியில நடந்து திரியிறதைப் பற்றி நல்ல புத்தகம் ஒண்டு சொல்லுங்கோ” என்று கேட்டான். நான் யோசிக்காமல் இங்கிலாந்து மலைநடைப் புத்தகம் ஒன்றைச் சொல்லிவிட்டேன். எனக்கு மிகவும் பிடித்த புத்தகம். கணுக்காலை மூடும், தண்ணீர் புகாத தோல் சப்பாத்து இல்லாமல் வாசலையே தாண்டக்கூடாது என்று அதில் ஓர் அத்தியாயமே இருக்கிறது. தம்பி காசு சேர்த்துக் கொழும்பிலிருந்து அப்படி ஒரு சோடி எடுப்பித்தான். மார்கழியில் அராலிப் பக்கம் களப்புக் கரையில் இறங்கினோம். சேறு முழங்கால் வரைக்கும். தண்ணீர் புகாத சப்பாத்துக்குள் மேல்வழியாகத் தண்ணீர் போனால், அது வெளியே வருவதற்கும் வழியில்லை. இரண்டு பேர் பிடித்து இழுத்து ஆளை எடுத்தோம். சப்பாத்தை எடுக்க இன்னும் அரை மணித்தியாலம். நாங்கள் எல்லோரும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு நின்றோம். “நீங்கள் சொன்ன புத்தகத்தில இந்தச் சேறு இல்லையே அண்ணை” என்றான்.

புத்தகத்தில் ஒரு பிழையும் இல்லை. அது எந்த மண்ணில் நின்று எழுதப்பட்டது என்பதைச் சொல்லாமல் பெயரை மட்டும் சொன்னேன், அதுதான் பிழை. வெளியில் திரிகிறவர்கள் ஒருவருக்கொருவர் புத்தகம் சொல்வதில் வரும் முக்கால்வாசி வில்லங்கமும் இந்த வகைதான்.

வடக்கு எங்கே இருக்கிறது?

காட்டில் தப்பிப் பிழைப்பது எப்படி என்று சொல்லும் நூல்களை இளம் ஆட்கள் விரும்பி வாசிப்பார்கள், விரும்பிப் பிறருக்கும் சொல்வார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஐரோப்பாவிலோ வட அமெரிக்காவிலோ இருந்து வந்தவை. நடுப்பகலில் தடி ஒன்றை நட்டால் நிழல் வடக்கே விழும் என்பது அவற்றில் கட்டாயம் வரும் பாடம். யாழ்ப்பாணம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே கிட்டத்தட்ட 9.7 பாகையில்தான் இருக்கிறது. ஏப்ரல் நடுவில், சித்திரை வருடப்பிறப்பையொட்டி, நடுப்பகல் சூரியன் எங்கள் உச்சந்தலைக்கு நேரே வந்துவிடும். அன்று தடிக்கு நிழலே இருக்காது. அதற்குப் பிறகு ஓகஸ்ட் கடைசி வரைக்கும் நடுப்பகல் சூரியன் எங்களுக்கு வடக்கே நிற்கும், நிழல் தெற்கே விழும். புத்தகத்தை நம்பி வைகாசியில் வடக்கே நடக்கிறவர் தெற்கே போய்க்கொண்டிருப்பார். கைக்கடிகாரத்தின் மணிமுள்ளைச் சூரியன் பக்கம் திருப்பித் திசை கண்டுபிடிக்கும் வித்தையும் இதே காரணத்தால் இங்கே சரிவராது. காலையிலும் பின்னேரமும் சூரியனை நேரே பார்த்தாலே கிழக்கும் மேற்கும் தெரியும், வித்தை ஒன்றும் தேவையில்லை.

இரவில் துருவ நட்சத்திரத்தைப் பார் என்பார்கள். ஓர் இடத்தின் அகலக்கோடு எத்தனை பாகையோ, கிட்டத்தட்ட அத்தனை பாகை உயரத்தில்தான் அந்த நட்சத்திரம் அங்கே தெரியும். லண்டனில் அது 51 பாகை, வானத்தில் பாதிக்கும் மேலே. இங்கே கையை நீட்டி முட்டியைப் பொத்திப் பிடித்தால் அந்த ஒரு முட்டி உயரம். அவ்வளவு தாழ்வில் ஒரு வடலிக்கூட்டமே அதை மறைத்துவிடும். பதிலுக்கு, அந்தப் புத்தகங்களை எழுதியவர்கள் தங்கள் ஊரில் காண முடியாத தென்சிலுவையைச் சித்திரை, வைகாசி இரவுகளில் நாங்கள் தெற்கே வடிவாகப் பார்க்கலாம். வானம் பார்க்க ஆசைப்படுகிறவருக்குப் புத்தகம் சொல்வதென்றால், நட்சத்திரப் படம் எந்த அகலக்கோட்டுக்கு வரையப்பட்டது என்று முதலில் பாருங்கள்.

வழி தவறினால் ஆறு ஒன்றைக் கண்டுபிடித்து அது ஓடும் பக்கமே போ, ஊர் வரும் என்று ஓர் அறிவுரை உண்டு. குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறே கிடையாது. இருக்கிற வழுக்கையாறும் மாரியில் மட்டும் ஓடும், அதைப் பின்தொடர்ந்தால் அராலிப் பக்கம் களப்புக்குள் இறங்குவீர்கள். தம்பியின் சப்பாத்து கிடந்த இடம். பருத்தி உடுப்பு ஆளைக் கொல்லும் என்பது இன்னொன்று. குளிர் நாட்டில் அது உண்மை, நனைந்த பருத்தி உடம்புச் சூட்டை உறிஞ்சி எடுத்துவிடும். பங்குனி வெயிலில் எங்களுக்குத் தேவைப்படுவதே அதுதான்.

இவையெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடியவை. சிரிக்க முடியாத ஒன்றும் உண்டு. “பாதையை விட்டு இறங்கு, கால் போன போக்கில் நட” என்று அழகான வசனங்களில் எழுதிய நூல்கள் பல இருக்கின்றன, எனக்கும் பிடிக்கும். அவற்றை வடக்கில் ஒருவரிடம் நீட்டும்போது அந்த வசனம் இங்கே செல்லாது என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும். முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் வேலை எத்தனை வருடம் நடந்தது என்பது எங்களுக்குத் தெரியும். சிவப்புப் பலகையில் மண்டையோடு வரைந்திருந்தால் ஒரு அடி வைக்கக்கூடாது. பலகை இல்லை என்பதற்காகப் பற்றைக்குள் புகவும் கூடாது, வெள்ளம் மண்ணையும் வெடியையும் சேர்த்து நகர்த்தும். அந்த இடத்து ஆட்கள் மாடு மேய்க்கும் தடத்தில் நடவுங்கள். கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வருகிற எங்கள் பிள்ளைகளுக்கு இது தெரியாது. இதை எழுதி வைத்த நடைப் புத்தகம் எதுவும் அவர்கள் கையில் இருக்கப்போவதுமில்லை.

கதையைக் கைநூலாகக் கொடுப்பது

ஜோன் க்ராகவர் 1996இல் எழுதிய ‘இன்டு த வைல்ட்’ எங்கள் மேசையில் வருடத்துக்கு இரண்டு தடவையாவது வரும். வசதியான வீட்டுப் பெடியன் ஒருவன் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அலாஸ்காக் காட்டுக்குத் தனியாகப் போய், 1992இல் கைவிடப்பட்ட பேருந்து ஒன்றில் பட்டினியால் இறந்த உண்மைக் கதை. “வாசி, உனக்கும் வெளிக்கிட்டுப் போகவேணும் போல இருக்கும்” என்று சொல்லித்தான் கொடுப்பார்கள். எனக்கு அந்தச் சொல்லில் உடன்பாடில்லை. உண்மையிலேயே அப்படி வெளிக்கிட்டுப் போனார்கள். அந்தப் பேருந்தைப் பார்க்கப் போன இருவர் வழியில் ஆற்றில் மூழ்கி இறந்தார்கள். தேடிப்போய் மீட்பவர்களுக்குப் பெருந்தொல்லையாகி, கடைசியில் 2020 ஜூனில் அதை ஹெலிகொப்டரில் தூக்கி அகற்றினார்கள். நல்ல புத்தகம்தான், துக்கக் கதையாகக் கொடுங்கள்.

அதே நூலில் பதிப்புப் பிரச்சினையும் இருக்கிறது. அவன் ஏன் இறந்தான்? 1993இல் எழுதிய கட்டுரையில், உண்ணக்கூடிய செடி என்று நினைத்து இன்னொன்றைத் தின்றிருக்கலாம் என்றார் ஆசிரியர். 1996 நூலில், செடியை மாற்றவில்லை, அதன் விதையிலேயே நஞ்சு இருந்திருக்கும் என்றார். 2013இலும் 2015இலும் இரசாயனப் பரிசோதனைகளுக்குப் பிறகு வேறு வேறு நச்சுப்பொருள்களின் பெயரைச் சொன்னார். ஒரே நூலின் பழைய கொப்பியை வாசித்தவரும் புதிய கொப்பியை வாசித்தவரும் தேத்தண்ணிக் கடையில் அரை மணித்தியாலம் சண்டை பிடித்ததை நான் பார்த்தேன். இரண்டு பேரும் வாசித்தது சரி.

காட்டுக் கிழங்கு, கீரை பற்றிய வெளிநாட்டு நூல்களை இங்கே யாருக்கும் சொல்லவே மாட்டேன். வேலியில் படரும் கார்த்திகைப்பூக் கொடியின் கிழங்கு கொடிய நஞ்சு. வள்ளிக்கிழங்கு என்று நினைத்து அவித்துத் தின்று செத்தவர்கள் இந்தத் தீவில் இருந்திருக்கிறார்கள். அந்த வித்தியாசத்தைச் சொல்லாத நூல் எவ்வளவு வடிவாக அச்சிட்டிருந்தாலும் எங்களுக்கு உதவாது.

பாம்புக்கடி அத்தியாயமும் அப்படித்தான். பழைய நூல்களில் கடிவாயைக் கீறு, உறிஞ்சித் துப்பு, இறுக்கிக் கட்டு என்றிருக்கும். மூன்றும் இன்று கூடாதவை. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டோடுவதுதான் இப்போதைய முறை. சுருட்டை விரியன் ஊரும் மணல் வெளிகளில் திரிகிற எங்களுக்கு இது ஏட்டுப் பேச்சு அல்ல. பழைய புத்தகத்தை இரவல் கொடுக்கும்போது அந்தப் பக்கத்தில் பென்சிலால் ஒரு குறுக்குக் கோடு போட்டுக் கொடுப்பேன். புத்தகத்தில் கீறுவது பாவம் என்று நினைப்பவன் நான், ஆனாலும் போடுவேன்.

பறவைப் புத்தகம்: எந்தக் கரையினுடையது?

பறவை பார்க்கத் தொடங்குகிறவருக்கு என்ன சொல்வது என்பதில் எங்களுக்குள் ஓயாத வாக்குவாதம். மூத்தவர்கள் உடனே ஜி. எம். ஹென்றியைச் சொல்வார்கள். 1955இல் வந்த இலங்கைப் பறவை நூல், படங்களும் அவரே வரைந்தவை. ஒரு பறவை எப்படி நடக்கும், எப்படிக் கத்தும், என்ன குணம் என்று அவர் எழுதியிருப்பதை இன்றைக்கும் யாரும் மிஞ்சவில்லை என்பது என் எண்ணம். ஆனால் தொடக்கக்காரருக்கு அது கஷ்டம். எல்லாப் பறவைக்கும் வர்ணப் படம் இல்லை, பல பெயர்கள் மாறிவிட்டன. கரையில் நின்று அவசரமாகப் புரட்ட, ஜோன் ஹாரிசன் எழுதி டிம் வோர்ஃபோக் வரைந்த 1999ஆம் ஆண்டு நூல் போல ஒன்று வேண்டும். ஹென்றியின் நூல், வீட்டில் இருந்து ஆறுதலாக வாசிக்க.

இன்னொரு பிழை, தெற்கைப் பார்த்து எழுதியதை வடக்குக்குக் கொடுப்பது. இலங்கைப் பறவைகள் என்று வரும் படப் புத்தகங்களும் பயணக் கையேடுகளும் சிங்கராஜக் காட்டிலும் ஹோட்டன் சமவெளியிலுமே அதிக பக்கங்களைச் செலவழிக்கும். இலங்கைக்கே உரிய பறவைகளில் பெரும்பாலானவை ஈரவலயத்தில் இருப்பதால் அது நியாயம்தான். ஆனால் அவற்றைத் தேடி வல்லை வெளியில் நிற்கிறவன் ஏமாந்து போவான். எங்கள் நிலம் பறவைகளைப் பொறுத்தவரை தெற்கைவிடத் தமிழ்நாட்டு இராமநாதபுரத்துக்குக் கிட்ட. இரட்டைவால் கரிச்சானும் கவுதாரியும் இங்கே சாதாரணம், கொழும்புக்காரருக்கு அவை வடக்கே வந்து பார்க்கவேண்டிய சங்கதி. அதனால் 1941இலிருந்து பல பதிப்புக் கண்ட சாலிம் அலியின் இந்தியப் பறவைகள் நூல் எங்கள் பையில் இருப்பதில் தப்பே இல்லை.

தமிழில் வேண்டும் என்று கேட்பவர்களுக்குத் தமிழ்நாட்டில் வந்த நூல்களைச் சொல்கிறோம். நல்லது. க்ரியா வெளியிட்ட ப. ஜெகநாதன், ஆசை இருவரின் ‘பறவைகள்: அறிமுகக் கையேடு’ கைக்கு அடக்கமானது. மா. கிருஷ்ணனின் கட்டுரைகளைத் தொகுத்த ‘மழைக்காலமும் குயிலோசையும்’ தமிழுக்காகவே வாசிக்கலாம். ஆனால் பெயர் மாறும் என்று சொல்லிக் கொடுங்கள். முற்றத்தில் கூட்டமாகக் கத்தும் புலுனியை அந்த நூல்களில் புலுனி என்று தேடினால் கிடைக்காது, தவிட்டுக்குருவி அல்லது தவிட்டுச் சிலம்பன் என்றிருக்கும். எங்கள் செம்பகம் அங்கே செம்போத்து. அக்கா ஒருவர் இரண்டு மாதம், “இந்தப் புத்தகத்தில புலுனியே இல்லை, என்ன புத்தகம்” என்று திட்டிக்கொண்டிருந்தார். அம்மம்மாவிடம் கேட்டு ஊர்ப்பெயரை ஓரத்தில் எழுதி வைத்தால் அந்தக் கொப்பியின் பெறுமதி கூடும்.

வேட்டைக்கால வெள்ளைக்காரரின் நூல்கள் பற்றி ஒரு சொல். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சாமுவேல் பேக்கர் இலங்கையில் யானைகளைச் சுட்டுத்தள்ளிய கதைகளை விறுவிறுப்புக்காகப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்கள். கொடுக்கலாம், பக்கத்தில் இருந்து கதைத்தால். இந்தியாவின் குமாவோனில் புலி வேட்டையாடிய ஜிம் கோர்பெட்டின் கதைகளையும் கொடுக்கலாம், ஆனால் இந்தத் தீவில் காட்டில் வேங்கைப்புலி கிடையாது, சிறுத்தைதான் என்று முதலில் சொல்லிவிடவேண்டும். புலி என்ற சொல்லை எங்கள் ஊரில் எடுத்தாலே கதை வேறு பக்கம் போய்விடும் என்பது தெரிந்ததுதானே.

இடங்கள் பற்றிய பழைய குறிப்புகளையும் அப்படியே நம்பக்கூடாது. சுண்டிக்குளம் 1938இல் சரணாலயமானது, 2015இல் தேசியப் பூங்கா. நெடுந்தீவிலும் அதே 2015இல் ஒரு பகுதியைப் பூங்காவாக்கினார்கள். அதற்கு முன் எழுதியவர் “கூடாரம் அடித்துத் தங்கினோம்” என்று எழுதியிருந்தால் அது அவருடைய காலம்.

நீளப் பட்டியலும் இரவலும்

இருபது புத்தகம் சொல்வது ஒன்றும் சொல்லாததற்குச் சமம். இந்தியாவில் அச்சான நூலின் விலை எங்கள் ரூபாயில் மூன்று மடங்குக்கு மேலே போகும். ஒன்றைச் சொல்லுங்கள், நீங்கள் வாசித்ததைச் சொல்லுங்கள். ஆங்கில எழுத்தாளர் லெனார்ட் வூல்ஃப் 1905இல் யாழ்ப்பாணத்துக்கு உத்தியோகம் பார்க்க வந்தபோது பிரெஞ்சு எழுத்தாளர் வோல்டேரின் 90 தொகுதிகளைக் கட்டிக்கொண்டு வந்தாராம். இங்கத்தைய வெயிலுக்கும் சேற்றுக்கும் அதில் எத்தனை உதவியிருக்கும் என்று நான் யோசிப்பதுண்டு.

இரவல் விஷயத்தில் கொஞ்சம் பொறுமை வேண்டும். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்கள் போயின. 1995 இடப்பெயர்வில் வீட்டையும் அலுமாரியையும் அப்படியே விட்டுவிட்டுக் கையை வீசிக்கொண்டு நடந்தவர்கள் எங்கள் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். அப்படியான ஒருவர் தன் பறவைப் புத்தகத்தைத் தர யோசித்தால் கஞ்சத்தனம் என்று நினைக்காதீர்கள். அவர் வீட்டுக்குப் போய், விறாந்தையில் இருந்து வாசித்துவிட்டு வாருங்கள், தேத்தண்ணியும் கிடைக்கும். இரவல் வாங்கினால் களப்புக்குக் கொண்டுபோகாதீர்கள். உப்புக்காற்று ஒரு நாளில் தாளை நமுக்கச் செய்துவிடும், பிறகு பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டும்.

என்னுடைய ஹென்றி போன சோளகக் காற்றுக் காலத்தில் ஒருவரிடம் போனது, இன்னும் வரவில்லை. எடுத்தவர் இதை வாசித்தால், புரட்டாசிக்குள் தந்தால் காணும். அதற்குப் பிறகு பொன்னாலையில் பறவைகள் இறங்கத் தொடங்கிவிடும்.