பழைய அலுவலகக் கணினியில் மிடி சீக்வென்சர்

மிடி என்பது எந்தச் சுரத்தை எப்போது ஒலிக்க வேண்டும் என்று இசைக் கீபோர்டுக்குச் சொல்லும் கட்டளை முறை; அதைப் பதிவு செய்து ஓட்டுவதுதான் சீக்வென்சர். மிடி கட்டளைகளை மட்டும் பதிவு செய்து ஓட்டப் புதுக் கணினி தேவையே இல்லை. மிடி கேபிளில் ஓடுவது நொடிக்கு 31,250 பிட்தான். ஒரு சுரத்துக்கான 3 பைட் போய்ச்சேர ஏறக்குறைய 1 மில்லிநொடி ஆகும். ஒலியைக் கீபோர்டே தரட்டும்.

பினாங்கு லோரோங் குலிட் பழைய பொருள் சந்தைப் பக்கம் போனால், 64 பிட் டூயல் கோர் மேசைக் கணினி கிடைக்கிறதா என்று பாருங்கள். மூடியைத் திறக்காமல் காசு கொடுக்காதீர்கள். மதர்போர்டில் நிற்கும் சிறு உருளைகளான கெப்பாசிட்டர்களின் தலை புடைத்திருந்தால் அதை விட்டுவிடுங்கள். நேரம், தேதி தப்பாகக் காட்டினால் பெரும்பாலும் சிஆர்2032 பேட்டரிதான் காரணம், மாற்றிக்கொள்ளலாம். ரேம் 4 ஜிபி போதும். பழைய ஹார்ட் டிஸ்க்கை நம்பாமல் 120 ஜிபி எஸ்எஸ்டி போட்டு, இலேசான லினக்ஸும் ரோஸ்கார்டன் என்ற சீக்வென்சர் மென்பொருளும் நிறுவுங்கள்.

தொல்லை தருவது மலிவு யூஎஸ்பி மிடி கேபிள்தான். எதுவுமே கேட்கவில்லையா? இன், அவுட் முனைகளை மாற்றிச் செருகிப் பாருங்கள். எழுதியிருப்பது ஆளுக்கொரு அர்த்தத்தில் இருக்கும். சுரம் நிற்காமல் இழுத்தால் ‘நோட் ஆஃப்’ கட்டளை வழியில் தொலைந்திருக்கலாம். கீபோர்டிலேயே யூஎஸ்பி மிடி இருந்தால் இந்தக் கேபிளே வேண்டாம்.

மிடியை ஒலியாக மாற்றும் ஃபுளூயிட்சிந்த் மென்பொருள் வழியே கணினியிலேயே ஒலி எடுப்பதானால் 48,000 ஹெர்ட்ஸில் பஃபரை (ஒலி சேர்ந்து காத்திருக்கும் இடம்) 128 பிரேமில் தொடங்குங்கள் (2.7 மில்லிநொடி ஒலி). வெடிச்சத்தம் வந்தால் 256. வைஃபையை அணைத்தாலும் சில கணினிகளில் அது அடங்கும்.

ஆம்ப்ளிஃபயரில் உறுமல் கேட்டால் கணினியையும் ஆம்ப்ளிஃபயரையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் செருகுங்கள். அதற்காக மூன்று பின் பிளக்கின் எர்த்தை மட்டும் துண்டிக்கவே கூடாது.