மி.லி. கணக்கை ஸ்பூன் கணக்காக மாற்றுவது எப்படி?

கேக் குறிப்பில் எண்ணெய் 80 மி.லி. என்று இருக்கும். நம் கையில் இருப்பதோ ஸ்பூனும் கப்பும்தான். மூன்று எண்களை மனதில் வைத்துக்கொண்டால் போதும்: டீஸ்பூன் 5 மி.லி., டேபிள்ஸ்பூன் 15 மி.லி., கப் 240 மி.லி.

படி 1: பெரிய அளவில் தொடங்கிக் கழித்துக்கொண்டே வாருங்கள். 80-ல் 5 டேபிள்ஸ்பூன் எடுத்தால் 75 மி.லி. போய்விடும். மிச்சம் 5, அதாவது 1 டீஸ்பூன். அளவுக் கப் இருந்தால் கப்பில் மூன்றில் ஒரு பங்கு, அவ்வளவுதான்.

படி 2: குறிப்பு எந்த நாட்டுடையது என்று பாருங்கள். அமெரிக்கக் கப் சுமார் 240, ஆஸ்திரேலியக் கப் 250. இந்த வித்தியாசத்தால் பெரும்பாலும் சமையல் கெடாது. ஆனால் ஆஸ்திரேலியாவில் டேபிள்ஸ்பூன் 20 மி.லி. அந்த ஊர்க் குறிப்பில் 3 டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு என்றால் 60 மி.லி. வேண்டும், 15 மி.லி. ஸ்பூனால் அளந்தால் 45தான் வரும். புளிப்பு குறைவது நாக்குக்கே தெரியும்.

படி 3: உங்கள் ஸ்பூனை அளந்து பாருங்கள். சாப்பிடும் ஸ்பூன்கள் வீட்டுக்கு வீடு மாறும். மெடிக்கல் ஷாப்பில் ஊசி இல்லாத 10 மி.லி. சிரிஞ்ச் ஒன்று வாங்குங்கள். காற்றுக்குமிழி இல்லாமல் 5 கோடு வரை தண்ணீர் இழுத்து, ஸ்பூனில் மெதுவாக விடுங்கள். தண்ணீர் விளிம்புக்கு மேல் குவிந்து நிற்கப் பார்க்கும். அதற்கு முன், சமமாக வந்ததும் நிறுத்துங்கள். சிரிஞ்சில் 1 மி.லி. மிச்சமா? அப்படியானால் உங்கள் ஸ்பூன் 4 மி.லி.

தராசில் நிறுத்தும் பார்க்கலாம், தண்ணீருக்கு 1 மி.லி. என்பது 1 கிராம். தேனுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது; 5 மி.லி. தேன் சுமார் 7 கிராம் இருக்கும்.

இவ்வளவும் சமையலுக்கு மட்டும். குழந்தைக்கு மருந்து கொடுக்கும்போது தயவுசெய்து ஸ்பூனைத் தொடாதீர்கள். டீஸ்பூன் என்பதை டேபிள்ஸ்பூன் என்று எடுத்துக்கொண்டால் மருந்து மூன்று மடங்கு உள்ளே போய்விடும். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2015-லேயே மருந்தளவை மி.லி.யில் மட்டும் எழுதச் சொல்லிவிட்டது. அப்புறம், பாராசிட்டமால் சிரப்பிலேயே 5 மி.லி.க்கு 120 மில்லிகிராம், 250 மில்லிகிராம் என இரண்டு வகை உண்டு. பாட்டிலை மாற்றினால் பழைய அளவையே கொடுக்காமல், எத்தனை மி.லி. என்று டாக்டரிடம் கேட்டு, மருந்தோடு வந்த மூடியிலோ வாய்வழி மருந்துக்கான சிரிஞ்சிலோ அளந்து கொடுங்கள்.